வெல்பியின் ஜேர்மன் குரல்

ஜேர்மனியில் எசன் நகரில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் தோளில் தட்டிக் கேட்டார்: "அண்ணை, நீங்கள் முந்திப் படங்களிலயோ வேலை செய்தனீங்கள்?"

"ஓம்."

"நடிச்சனீங்களோ?"

என் மூக்கைப் பார்த்த பிறகும் ஒருவர் அப்படிக் கேட்கிறார் என்றால் அவருக்கு நல்ல மனது. இல்லை, டப்பிங் என்றேன். உடனே பக்கத்தில் நின்ற மகளை முன்னால் தள்ளினார். மகள் ஒலிப்பதிவில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்கிறாளாம். அவள் கைபேசியில் ஒரு துண்டுப் படம் காட்டினாள். கொரிய நடிகை ஒருவர் அச்சொட்டாக ஜேர்மன் கதைக்கிறார். குரல் அவருடையது மாதிரியே இருக்கிறது, உதடும் ஜேர்மனுக்கே அசைகிறது. எல்லாம் கணினி செய்த வேலை. "இனி உதட்டுக்கு ஏத்த மாதிரி வசனம் எழுதத் தேவையில்லை, மாமா. உதட்டையே மாத்திவிடலாம்," என்றாள்.

"நல்லது," என்றேன். உண்மையாகவே சொன்னேன். பழைய வேலையை நினைத்து ஏங்குகிற ஆள் நானில்லை. ஃபிலிம் ஒட்டுகிற பசை என் விரலில் வருடக்கணக்காக நாறியது, இந்தத் தடித்த கண்ணாடியும் ஃபிலிம் வெட்டுகிற மேசை தந்த பரிசுதான். ஆனால் ஒரு வாய்க்குள் எந்த வசனத்தையும் வைக்கலாம் என்ற வசதி எங்களுக்கும் ஒருமுறை கிடைத்தது. கணினி இல்லாமலே கிடைத்தது. அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தொடங்கினேன், அதற்குள் பொம்பிளை மாப்பிளையோடு படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து கப்பலேறி நான் ஜேர்மனிக்கு வந்தது பொறியியல் படிக்க. அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். முதல் பரீட்சையிலேயே எனக்கும் பாலங்களுக்கும் சரிவராது என்று விளங்கிவிட்டது. வானொலிப் பெட்டி திருத்தத் தெரியும் என்பதால் ஹம்பேர்க்கில் ஒரு டப்பிங் கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கோப்பி கொண்டுபோனேன், நாடா சுற்றினேன், வெட்டவும் ஒட்டவும் பழகினேன். பிறகு ஒரு மேசையும் கதிரையும் தந்து, இனி நீ ஒலி வெட்டுகிறவன் என்றார்கள். அப்பாவுக்கு "இஞ்சினியர் மாதிரி ஒரு வேலை" என்று எழுதினேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தேன்தானே.

இந்த நாட்டில் வெளிநாட்டுப் படத்தை அப்படியே ஓடவிட்டுக் கீழே எழுத்துப் போட்டால் சனம் எழும்பிப் போய்விடும். குதிரையில் வருகிற அமெரிக்கனும் ஜேர்மன் கதைக்கவேண்டும், கிராமத்து ஆங்கிலப் பாதிரியாரும் ஜேர்மன் கதைக்கவேண்டும். அதற்காக நாங்கள் படத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டுவோம். ஒவ்வொரு துண்டின் தலையையும் வாலையும் சேர்த்து ஒட்டினால் ஒரு வளையம். அது இயந்திரத்தில் சுற்றிச் சுற்றி ஓடும், அதே காட்சி திரையில் திரும்பத் திரும்ப வரும். குரல் கொடுப்பவர் மைக்குக்கு முன்னால் நின்று, உதட்டோடு சொல் பொருந்தும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். திரையில் உதடு மூடும்போது 'ம' அல்லது 'ப' வரவேண்டும். வராவிட்டால் பின் வரிசையில் இருக்கிறவனுக்கும் ஏதோ பிழை என்று தெரிந்துவிடும். உதட்டைப் பார்ப்பது என் வேலை. தொடக்கத்தில் எனக்கு ஜேர்மன் அரைகுறை. அது பெரிய உதவி. சொல்லின் கருத்து விளங்காதவன் உதட்டை மட்டுந்தான் பார்ப்பான்.

எங்களை மேய்த்தவர் ஃப்ராவ் பேரென்ஸ், அதாவது பேரென்ஸ் அம்மா. குரல் பதிவு முழுவதும் அவருடைய ஆட்சி. கூடத்தின் வாசலில் ஒரு பெட்டி நிறையக் கம்பளிச் செருப்பு வைத்திருப்பார். சப்பாத்துப் போட்டுக்கொண்டு யாரும் உள்ளே வரமுடியாது, பலகைத் தரை கிறீச்சிடும். தோல் ஜாக்கெட் கூடாது. வெறும் வயிற்றோடு வருவதும் கூடாது, வயிறு உறுமுவதை மைக் கேட்டுவிடும் என்பார். நம்பாமல் வருகிறவர்களுக்குத் தன் பையிலிருந்து காய்ந்த பாண் துண்டு எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். யாரையும் பாராட்டிய ஆளில்லை. சரியாக வந்தால் "அடுத்தது" என்பார். வராவிட்டால் "இன்னொருக்கா, தயவுசெய்து." தயவுசெய்து கூடக்கூடக் கோபம் கூடுகிறது என்று அர்த்தம். ஒரு பெரிய மேடை நடிகர் தொடர்ந்து நாலு தயவுசெய்து வாங்கிக் கண்கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜேர்மன்காரர் கதைத்ததையெல்லாம் இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன், குறை நினைக்கவேண்டாம். டப்பிங்காரன் டப்பிங்தான் செய்வான்.

இனி வெல்பி. அவர் ஓர் ஆங்கில நடிகர். உண்மைப் பெயர் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள். உயரமான மனிதர், மேலுதட்டை மூடிய மீசை. அந்த மீசைக்காகவே எங்கள் கூடத்தில் அவரை எல்லாருக்கும் பிடிக்கும், பாதி உதடு மறைந்தால் பாதி வேலை குறைவு. முதலில் சிரிப்புப் படங்களில் வந்தார். ஒன்றில் சைக்கிளிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிற பாதிரியார், இன்னொன்றில் மனைவிக்குப் பயந்து அலுமாரிக்குள் ஒளிக்கிற மேஜர். பிறகு துப்பறிகிறவராக வந்தார். மழைக்கோட்டும் தொப்பியும் போட்டு, குற்றவாளியிடமே தேநீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறவர். சனத்துக்கு அவரை நன்றாகப் பிடித்துப்போனது அதில்தான். ஜேர்மனியில் அவருடைய படம் வந்தால் திரையரங்கு நிறையும்.

நிறைத்ததில் பாதிப் பங்கு யான்சனுக்கு. இங்கே ஒரு வழக்கம்: ஒரு வெளிநாட்டு நடிகருக்கு ஒரு ஜேர்மன் குரல் அமைந்துவிட்டால் பிறகு கடைசிவரை அதே குரல்தான். மாற்றினால் சனம் கடிதம் எழுதித் திட்டும். வெல்பிக்குப் பத்து வருடமாக யான்சன். நாடக மேடையில் சில்லறை வேடங்கள் செய்துகொண்டிருந்த மெலிந்த மனிதர், ஆனால் தொண்டை மட்டும் பெரிய கோயில் மணி. ஒருமுறை தொலைபேசியில் மாட்டிறைச்சி ஓடர் பண்ணியபோது கடைக்காரி, "ஐயோ, துப்பறியிறவர்!" என்று கத்தினாளாம். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. வெல்பியை அவர் ஒருநாளும் சந்தித்ததுமில்லை.

அறுபதுகளின் கடைசியில் அந்த விமானப் படம் வந்தது. வெல்பி முதல்முறையாகச் சிரிப்பும் இல்லை, மழைக்கோட்டும் இல்லை. யுத்தகாலத்தில் இரவில் குண்டு போடப் போகிற ஒரு விமானத்தின் கப்டன். பறக்கும் காட்சி முழுவதும் ஒட்சிசன் முகமூடி. மூக்கிலிருந்து நாடிவரை ரப்பரால் மூடியிருக்கும், கண் இரண்டும் மட்டும் வெளியே தெரியும்.

எங்களுக்கு அது கொண்டாட்டம். உதடே இல்லாத படம்! நான் மேசையில் காலைப் போட்டுக்கொண்டு இருக்கலாம் போல இருந்தது. ஒரேயொரு தலையிடி, முகமூடிக்குள்ளிருந்து வருகிற அந்த அமுங்கிய சத்தம். யான்சனைக் கோப்பிக் கோப்பைக்குள் கதைக்கச் சொன்னோம், சமையலறையில் நின்று கதைப்பது போல இருந்தது. பூச்சட்டிக்குள் கதைத்தார், கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கடைசியில் நான் மருந்துக்கடையில் ஒரு ரப்பர் சுடுதண்ணீர்ப் பை வாங்கி, அதைக் குறுக்கே வெட்டி, அடிப் பாதியை வாயில் பிடிக்கக் கொடுத்தேன். அச்சாவாக வந்தது. "நாதன், செத்த மாட்டுக்குள்ள தலையை விட்ட மாதிரிக் கிடக்கு," என்று யான்சன் சொன்னார். ஃப்ராவ் பேரென்ஸ் "அடுத்தது" என்றார். அந்தச் சுடுதண்ணீர்ப் பையை நினைத்து இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

படத்தின் நடுவில் விமானம் நகரத்துக்கு மேலே வருகிறது. எந்த நகரம் என்று முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள்: ஹம்பேர்க். குண்டுகள் விழுகின்றன. கப்டன் "போட்டாச்சு. வீட்டுக்குப் போவம்," என்கிறார். பிறகு கமரா அவருடைய முகத்திலேயே நிற்கிறது. முகமூடி, கண்கள், மூச்சு. ஆங்கிலப் படத்தில் அவ்வளவுதான், ஒரு சொல்லும் இல்லை.

எங்களிடம் வந்த ஜேர்மன் வசனத்தில் அந்த இடத்தில் ஒரு வரி இருந்தது: "கடவுளே, கீழே இருக்கிற அந்தப் பாவப்பட்ட சனம்."

எழுதச் சொன்னவர் டோர்ன், படத்தை ஜேர்மனியில் வெளியிடுகிறவர். கொழுத்த, கலகலப்பான மனிதர். எங்களுக்கு நல்ல சிகரெட் கொண்டுவந்து தருவார். அவர் சொன்ன நியாயம் இதுதான்: ஹம்பேர்க்கில் இருக்கிற ஒருவன் காசு கொடுத்து வந்து, தன் தலையில் குண்டு போட்ட ஆளைப் பார்க்கிறான். அந்த ஆள் ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டுக்குப் போனால் இவன் கதிரையைக் கழற்றித் திரைக்கு எறிவான். முகமூடி இருக்கிறதால் உதட்டுப் பிரச்சினையும் இல்லை. ஒரு வரிதானே. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த வரி பிடித்திருந்தது.

வளையம் ஓடத் தொடங்கியது. யான்சன் "போட்டாச்சு. வீட்டுக்குப் போவம்," என்றார். மூச்சு விட்டார். அந்த வரியைச் சொல்லவில்லை. வளையம் மறுபடி வந்தது. மறுபடியும் சொல்லவில்லை. மூன்றாம் முறை ரப்பர் பையை வாயிலிருந்து எடுத்து வசனத் தாள் வைக்கிற தாங்கியில் வைத்தார்.

"இதை நான் சொல்லமாட்டன்."

"இன்னொருக்கா, தயவுசெய்து," என்றார் ஃப்ராவ் பேரென்ஸ்.

"அவர் அப்பிடிச் சொல்லேல்லை. சொல்லாததை நான் சொல்லமாட்டன்."

இயந்திரத்தை நிறுத்தினோம். அந்தக் கூடத்தில் ஒரு வளையத்தை நடுவில் நிறுத்தியதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் அவருக்கு முன்னால் போய் இருந்தேன். பருப்பு சூப்பைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். என்ன பிடிவாதம் இது, நல்ல வரிதானே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நாதன், இந்த ஊருக்குக் குண்டு போட்ட நேரம் எனக்குப் பதினாறு வயசு. பள்ளிக்கூடத்திலயிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய் விமானம் சுடுற பீரங்கிக்குப் பக்கத்தில விட்டவை. நான் கீழே நிண்டு மேலே பார்த்தனான். அம்மா வாய்க்கால் பக்கத்து வீட்டில இருந்தவ. விடிய அந்தத் தெருவே இல்லை." சூப்பை ஒரு வாய் குடித்தார். "மேலே இருந்தவங்கள் எங்களைப் பாவம் எண்டு சொன்னாங்களோ எண்டு அண்டைக்கே யோசிச்சனான். ஒருத்தனும் சொல்லியிருக்கமாட்டான். சொன்னதாக இப்ப என்ர வாயாலயே சொல்லச் சொல்லுறியள்."

எனக்கு நல்ல வரி என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

டோர்ன் கத்துகிற ஆளில்லை. அமைதியாகவே சொன்னார்: பேர்லினில் இன்னொருவர் ஆயத்தமாக இருக்கிறார், குரலும் கிட்டத்தட்ட அதேதான், யான்சன் மறுத்தால் வெல்பிக்கு இனி அந்த ஆளின் குரல்தான். இந்தப் படத்துக்கு மட்டுமல்ல, எல்லாப் படத்துக்கும். யான்சனுக்கு வெல்பி போனால் மிஞ்சுவது மேடையில் கதவு திறந்துவிடுகிற வேடம்தான். அது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஃப்ராவ் பேரென்ஸ் மட்டும், "என்ர கூடத்தில வெல்பிக்கு யான்சன்தான்," என்றார். ஆனால் படம் அவருடையதல்ல, டோர்னுடையது.

அப்போது டோர்னுக்கு ஒரு யோசனை வந்தது. வெல்பி வேறொரு படத்துக்காக ஹம்பேர்க் துறைமுகத்துக்கு வந்திருந்தார். அவரை நேரே கூட்டிக்கொண்டு வந்துவிட்டால்? அவரே கேட்டால் யான்சன் மறுப்பாரா? வெல்பி யுத்தத்தில் உண்மையாகவே பறந்தவர் என்பதும் டோர்னுக்குத் தெரியும். நட்சத்திரமும் குரலும் கைகுலுக்குகிற படமொன்று பத்திரிகைக்கும் கிடைக்கும்.

வெல்பி வந்தார். திரையில் பார்த்ததைவிட வயதானவர். மீசை நரைத்திருந்தது. வாயைத் திறந்ததும் நாங்கள் திகைத்துப்போனோம். மெல்லிய, மூக்கால் வருகிற குரல். எங்கள் மனதில் இருந்த கோயில் மணி எங்கே, இந்தப் புல்லாங்குழல் எங்கே? ஃப்ராவ் பேரென்ஸ் அவரையும் விடவில்லை, கம்பளிச் செருப்புப் பெட்டியைக் காட்டினார். உலகமறிந்த நடிகர் வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கழற்றினார். அன்றைக்கு யார் மொழிபெயர்ப்பது என்ற பேச்சே எழவில்லை. அந்தக் கட்டடத்தில் ஒழுங்கான ஆங்கிலம் இருந்தது யாழ்ப்பாணத்தானிடம் மட்டும்தான்.

டோர்ன் விஷயத்தை விளக்கினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வெல்பி கேட்டுவிட்டு யான்சனைப் பார்த்தார்.

"அந்த வரி எனக்கு விருப்பம்," என்றார். "படம் எடுக்கேக்க நானே அப்பிடி ஒண்டு கேட்டனான். இயக்குநர் விடேல்லை. ஜேர்மனில வந்தால் எனக்குச் சந்தோசம்."

டோர்ன் முகத்தில் வெற்றி தெரிந்தது. நான் மொழிபெயர்த்து முடிக்குமுன்பே பத்திரிகைப் படம் எடுக்கிறவரைத் தேடிக் கதவுப் பக்கம் திரும்பிவிட்டார்.

யான்சன் கேட்டார்: "நீங்கள் இந்த ஊருக்கு மேலே பறந்தனீங்களோ?"

"ஓம். வழி பார்க்கிற வேலை. வரைபடம், பென்சில், அவ்வளவுதான் எனக்கு."

"குண்டு போட்ட பிறகு அப்பிடி ஏதும் சொன்னனீங்களோ?"

வெல்பி சொன்னார்: "இல்லை. திரும்பிப் போற வழியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தனான். தரையிறங்கின பிறகு முட்டை தந்தவை. சாப்பிட்டனான்."

"என்ர அம்மா கீழே இருந்தவ," என்றார் யான்சன். குரலை உயர்த்தவில்லை. "நான் படத்தில அந்த வரியைச் சொன்னால் சனம் நம்பும், ஏனெண்டால் என்ர குரல் அப்பிடி. அவைக்கு நெஞ்சு ஆறிப்போகும். ஆறின பிறகு ஒருத்தரும் ஒண்டும் கேட்கமாட்டினம். பத்து வருஷமா உங்களுக்காக நான் கதைக்கிறன். இதை மட்டும், சொல்ல விருப்பமெண்டால், நீங்களே கதையுங்கோ."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு நட்சத்திரத்தின் முகத்துக்கு நேரே அவருடைய ஜேர்மன் குரல் இப்படிச் சொல்கிறது, அதை நான் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வெல்பி கோபித்துக்கொண்டு எழும்பிப் போயிருந்தால் அன்றோடு யான்சனின் பிழைப்பு முடிந்திருக்கும்.

வெல்பி போகவில்லை. தன் காலிலிருந்த கம்பளிச் செருப்பைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டோர்னிடம் திரும்பி, "நான் சொன்னதை மட்டும் அவர் சொல்லட்டும்," என்றார். "வேற ஆளைப் போட்டால் நான் உங்களுக்கு விளம்பரத்துக்கு வரமாட்டன்."

டோர்ன் என்னைப் பார்த்தார், நான் பிழையாக மொழிபெயர்த்தேனோ என்று சந்தேகம் போல. நான் இன்னொருமுறை தெளிவாகச் சொன்னேன். அவர் சிகரெட் பெட்டியை எடுத்து, கூடத்துக்குள் புகைக்கக்கூடாது என்று நினைவு வந்து, திரும்பவும் பைக்குள் வைத்தார். ஃப்ராவ் பேரென்ஸ் பென்சிலால் அந்த வரியைக் கோடிட்டு வெட்டினார். "விளக்கை நூருங்கோ," என்றார்.

வெல்பி போக மனமில்லாமல் பின்னால் ஒரு கதிரையில் இருந்துகொண்டார். வளையம் ஓடியது. யான்சன் ரப்பர் பையை வாயில் பிடித்தார். போட்டாச்சு. வீட்டுக்குப் போவம். பிறகு அந்த நீண்ட மௌனம். அதில் மூச்சை மட்டும் போட்டார். திரையில் வெல்பியின் முகமூடி எப்படி ஏறி இறங்கியதோ அப்படியே, ஒரு மயிரிழை முந்தவுமில்லை பிந்தவுமில்லை. டோர்னின் வரி அந்த இடத்தில் இருந்திருந்தால் நான் அந்தக் கண்களைப் பார்த்தே இருக்கமாட்டேன்.

படம் வெளிவந்தபோது ஹம்பேர்க்கில் யாரும் கதிரை எறியவில்லை. அந்த இடத்தில் அரங்கம் முழுவதும் இருமல்கூட இல்லாமல் இருந்தது. யான்சன் அதற்குப் பிறகும் எழுபதுகள் முழுவதும் வெல்பிக்குக் குரல் கொடுத்தார், பேர்லின் ஆள் காத்துக் காத்து அலுத்துப் போயிருப்பார். இதெல்லாம் தொழில் விஷயம். அந்தப் பிள்ளைக்கு நான் சொல்ல நினைத்தது அன்றைக்கு விளக்குப் போட்ட பிறகு நடந்ததைத்தான்.

"அடுத்தது," என்று ஃப்ராவ் பேரென்ஸ் சொல்லிவிட்டார். நான் அடுத்த வளையத்தை எடுக்கப் போனேன். வெல்பி எழும்பி யான்சனுக்கு முன்னால் போய் நின்று, என்னைக் கையால் கூப்பிட்டார். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன்.

"அண்டைக்கு நான் கீழே பார்க்கேல்லை," என்றார். அந்த மெல்லிய குரல் இன்னும் மெலிந்து போயிருந்தது. "உங்கட அம்மாவுக்கு நடந்ததுக்கு நான் வருத்தப்படுறன்."

சொல்லுக்குச் சொல் ஜேர்மனில் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

யான்சன் ரப்பர் பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அம்மாவும் தங்கச்சியும்," என்றார்.

வருடக்கணக்காக அவரோடு சூப்புக் குடித்தவர்கள் நாங்கள். அவருக்கு ஒரு தங்கை இருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஃப்ராவ் பேரென்ஸ் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"தங்கச்சிக்கு என்ன பேர்?" என்று வெல்பி கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன்.

"ஹன்னா."

"ஹன்னா," என்றார் வெல்பி.

யான்சன் தலையாட்டினார். அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.